இதற்கு நெகட்டிவ் எது?

படமும் கோப்பும்: இந்த மாத வாசகர் கேள்விகள்

டிசம்பர் விடுமுறை வந்தால் எனக்குக் கடிதம் கூடிவிடும். வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று, சாமான் அறையாகிவிட்ட பாம் ஷெல்டரைத் திறப்பார்கள், பழைய ஆல்பப் பெட்டி காலில் விழும், அப்புறம் ஆளுக்கொரு சந்தேகம். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஜேபெக்கா, பிஎன்ஜியா, டிஃப்பா, எந்தக் கோப்பு ஃபார்மட்டில் சேமித்தால் படம் கெடாது?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் 26 ஆண்டு ஸ்டூடியோ வைத்திருந்தவள் நான். "இன்னொரு காப்பி போடணும்" என்று படத்தை நீட்டுபவரிடம் நான் முதலில் கேட்பது "நெகட்டிவ் இருக்கா?" என்றுதான், அதாவது படம் முதலில் பதிந்த மூல ஃபிலிம். பிரிண்டைப் பார்த்துப் பிரிண்ட் போட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும். கடையை மூடிவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்து ஆல்பங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறேன், அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. ஒரே படத்துக்கு உங்களிடம் எட்டுக் கோப்பு இருக்கலாம். அதில் எது நெகட்டிவ் என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஃபார்மட் பேச்சு அதற்குப் பிறகு.

கேள்வி: அக்கா, மகள் கல்யாணத்தைப் படம் எடுத்தவர் தம்டிரைவில் 900 படங்கள் கொடுத்தார். அதில் ஒன்றை ஏ3 அளவில் போட்டுச் சட்டம் மாட்ட ஆசைப்பட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்ததை அப்படியே கடைக்கு அனுப்பினேன். வந்த படத்தில் மகள் முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கிறது, நகையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஜேபெக்கில் வாங்கியதுதான் தப்பா? ரா கோப்பைக் கேட்டிருக்க வேண்டுமா?
- ஒரு தாய், ஈசூன்

பதில்: தங்கச்சி, ஜேபெக் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் கடைக்கு அனுப்பியது பிரிண்டின் பிரிண்ட். நெகட்டிவ் உங்கள் அலமாரியில் தம்டிரைவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கல்யாணக் கேமராவில் எடுத்த படம் ஏறக்குறைய 6000க்கு 4000 பிக்சல், அதாவது சின்னச் சின்னப் புள்ளிகள், இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கி, அதையும் நன்றாக அமுக்கித்தான் அந்தப் பக்கம் தள்ளுகிறது. கைபேசித் திரையில் பார்க்க அது தாராளம். ஏ3 தாளின் நீளம் 42 செண்டிமீட்டர், பதினாறரை அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று நல்ல அச்சுக்குக் கணக்கிட்டால் 4961 பிக்சல் வேண்டும். உங்கள் கோப்பிலோ அங்குலத்துக்கு 97தான் தேறும். மெழுகு பொம்மை வராமல் என்ன செய்யும்?

தம்டிரைவையே கடைக்கு எடுத்துப் போங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் கிளிப் சின்னத்தைத் தட்டி, படமாக இல்லாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். கோப்பு பைட் மாறாமல் போகும், எடுத்த தேதியும் கூடவே போகும். 2023இல் வந்த எச்டி பொத்தான் பரவாயில்லை ரகம், அதுவும் அமுக்கத்தான் செய்கிறது.

ரா விஷயம்: கேமரா பிடித்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. அது அரைத்த மாவு, அவர் உங்களிடம் கொடுத்தது சுட்ட தோசை. மாவை வாங்கிவந்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? பெரும்பாலான படக்காரர்கள் கொடுக்கவும் மாட்டார்கள், நானும் கொடுத்ததில்லை. முழு அளவு ஜேபெக்கா, இணையத்துக்கென்று சுருக்கியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் இரண்டு ஃபோல்டர் கொடுப்பார்கள். ஒரு படம் பல மெகாபைட் இருந்து, அகலம் ஐயாயிரம் ஆறாயிரம் என்று காட்டினால் அதுதான் முழு அளவு.

கேள்வி: ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தரம் தேயும் என்று சமூக மன்ற வகுப்பில் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து பேரப்பிள்ளைகள் படத்தைத் திறந்து பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. உண்மையா, அம்மா?
- ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், தோ பாயோ

பதில்: ஐயா, தாராளமாகப் பாருங்கள். நாளுக்கு நூறு தடவை திறந்தாலும் தேயாது. வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தாலும், பெயரை மாற்றினாலும் தேயாது. மாற்றம் செய்து 'சேவ்' கொடுக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் கொஞ்சம் போகிறது. உள்ளே நடப்பது தெரிந்தால் பயம் போய்விடும், நீங்கள் கணக்கு வாத்தியார் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 64 புள்ளி. அந்த 64 எண்களையும் 64 அலைகளின் கூட்டாக மாற்றி எழுதுகிறது: மெதுவாக ஏறி இறங்கும் அலை, கொஞ்சம் வேகமான அலை, மிக நுணுக்கமான நெளிவு என்று. இதுவரை எதுவும் தொலையவில்லை. அடுத்த படியில்தான் கை வைக்கிறது. ஒவ்வோர் அலையின் அளவையும் ஒரு எண்ணால் வகுத்து, கிட்டத்து முழு எண்ணுக்குக் கொண்டுவருகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்க அலைகளைப் பெரிய எண்ணால் வகுக்கும், அதனால் அவற்றில் பல பூஜ்யமாகிவிடும். கோப்பு சிறுத்துப்போவது அதனால்தான்.

2002இல் 1 காசு நாணயம் வெளியிடுவதை இங்கே நிறுத்தினார்களே, அதற்கப்புறம் ரொக்கமாகக் கட்டும்போது நடப்பது இதேதான். 12 வெள்ளி 37 காசு பில்லுக்கு 12 வெள்ளி 35 காசு கட்டுகிறோம். கையில் இருக்கும் 35ஐ மட்டும் பார்த்து, அசல் 33ஆ 36ஆ 37ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. முழுமையாக்கியது முழுமையாக்கியதுதான்.

ஒன்றும் மாற்றாமல் அதே தர அளவில் மறுபடி சேமித்தால் இழப்பு மிகக் குறைவு, ஏனென்றால் 35ஐ மறுபடி முழுமையாக்கினாலும் 35தான். ஓரத்தை வெட்டினாலோ வெளிச்சத்தைக் கூட்டினாலோ கதை வேறு. வெட்டும்போது கட்டங்களின் எல்லை நகரும், எண்கள் புதிதாகும், புது எண்களுக்குப் புது முழுமையாக்கல்.

இந்த அலைக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் இதை ஆராய நிதி கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. விடாமல் செய்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். ஜேபெக் தரமாக வந்தது 1992இல். மூன்று பெயரையும் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை, ஏனென்று கேட்காதீர்கள்.

நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் என் அம்மாவின் கல்யாணப் படம், ஒரே பிரதி, மாமாவிடமிருந்து இரவல் வாங்கி ஸ்கேன் செய்தேன். குறுக்கே மடிந்து விரிசல் விட்டிருந்தது. கடை சாத்திய பிறகு தினமும் அரை மணி நேரம் விரிசலைத் திருத்துவேன், ஜேபெக்கிலேயே சேவ் கொடுப்பேன், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். தர அளவு நடுவில் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. பதினைந்து இரவு. விரிசல் போய்விட்டது. கூடவே சேலைக் கரையில் இருந்த சின்னச் சின்ன ருத்திராட்சக் கட்டும் போய்விட்டது, புருவ ஓரத்தில் அழுக்கு படிந்த மாதிரி புள்ளிகள். முதல் ஸ்கேனுக்கு மேலேயே சேமித்துக்கொண்டு வந்ததால் திரும்பிப் போக வழியில்லை. மாமா அதற்குள் வீடு மாறியிருந்தார், அந்த மாற்றத்தில் அசல் படம் எங்கேயோ போயிற்று. நெகட்டிவ் எது என்று ஊருக்கெல்லாம் கேட்டவள், என் வீட்டு நெகட்டிவை நானே தேய்த்துவிட்டேன்.

அதனால் திருத்தம் செய்யும்போது முதல் வேலை, கோப்பை நகலெடுத்து வேறு பெயர் கொடுப்பது. நாள் கணக்கில் இழுக்கும் வேலையென்றால் டிஃப்பில் அல்லது திருத்தும் மென்பொருளின் சொந்த ஃபார்மட்டில் சேமித்துக்கொண்டே போங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை ஜேபெக், தர அளவை 90க்கு மேல் வைத்து.

சேலை என்றதும் இன்னொன்று. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கும் அளவுக்கு நிற வித்தியாசத்தைப் பிடிக்காது. அந்தப் பலவீனத்தை நம்பி ஜேபெக் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவலை மட்டும் வைத்துக்கொள்ளும். பச்சைப் பட்டில் அரக்குக் கரை இருந்தால் சேருமிடத்தில் சாயம் கசிந்தது போலத் தெரிவது அதனால்தான். சேலை மேல் பழி போட்டுத் துணிக்கடையில் சண்டைக்குப் போனவர்கள் உண்டு!

கேள்வி: ஜேபெக் தரத்தை இழக்கும், பிஎன்ஜி இழக்காது என்று படித்துவிட்டு, என்னிடம் இருந்த 3,000 படங்களையும் பிஎன்ஜியாக மாற்றிவிட்டேன். படம் ஒன்றும் கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை. லேப்டாப் நிரம்பிவிட்டதுதான் மிச்சம். எங்கே தவறினேன்?
- பாலிடெக்னிக் மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: தம்பி, தண்ணீர் கலந்த பாலை வெள்ளிச் செம்பில் ஊற்றினால் தண்ணீர் பிரிந்து போய்விடுமா? பிஎன்ஜி தன்னிடம் வந்ததை ஒரு புள்ளி விடாமல் காப்பாற்றும். ஜேபெக் ஏற்கெனவே விட்டுவந்ததை அது எங்கே போய்த் தேடும்? 4 மெகாபைட் படம் 20ஆக ஊதியிருக்கும், அவ்வளவுதான்.

அசல் ஜேபெக்குகளை இன்னும் அழிக்கவில்லை என்றால் பிஎன்ஜிகளைத் தூக்கிப் போடுங்கள். அழித்துவிட்டீர்கள் என்றாலும் தலையில் கை வைக்க வேண்டாம், படத்தில் புதிதாக எதுவும் கெடவில்லை. படம் எடுத்த தேதி, இடம் மட்டும் சில மாற்றி மென்பொருள்களில் உதிர்ந்துவிடும். அதை ஒருமுறை சரிபாருங்கள். அசல் ஜேபெக்குகளைக் கணினியின் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்க முடிந்தால் இன்றே மீட்டுவிடுங்கள்.

பிஎன்ஜிக்கு என்று ஓர் இடம் உண்டு. 1987இல் வந்த கிஃப் ஃபார்மட்டின் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைப் பிரச்சினை கிளம்பியதால், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று உருவாக்கியது அது. 1996இல் தரமாக வந்தது. கிஃப்பில் 256 நிறம்தான், இதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. திரைப்பிடிப்பு, கடை முத்திரை, கோல வரைபடம், எழுத்துள்ள அழைப்பிதழ், இவற்றுக்கெல்லாம் பிஎன்ஜிதான். சமமான நிறமும் கூரான ஓரமும் உள்ளவற்றை அது தொலைக்காமலே நன்றாகச் சுருக்கும். ஜேபெக்கோ கூரான ஓரத்தைக் கண்டால் தடுமாறும்.

தமிழ் எழுத்தில் இது இன்னும் மோசம். கிரகப்பிரவேச அழைப்பிதழை ஜேபெக்காக நாலு குழுவில் சுற்றவிட்டால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது, மெய்யெழுத்தின் புள்ளி எது, கொசு எது என்று தெரிவதில்லை. அப்படி ஒரு அழைப்பிதழில் மாமியார் பெயரின் கடைசிப் புள்ளி காணாமல் போய், அந்தக் குடும்பத்தில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி.

கேள்வி: ஐஃபோனில் எடுத்த படங்கள் அலுவலகக் கணினியில் திறக்கவில்லை, கடைசியில் எச்இஐசி என்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஜேபெக்காக மாற்றிவிடட்டுமா?
- கணக்காளர், ஜூரோங்

பதில்: மாற்றிவிட்டு அசலை அழிப்பதாக இருந்தால் வேண்டாம். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐஃபோன் இந்த ஃபார்மட்டில் எடுக்கிறது. வீடியோவைச் சுருக்கும் எச்இவிசி முறையைப் படத்துக்குப் பயன்படுத்துவதால், ஏறக்குறைய ஜேபெக்கின் பாதி இடத்தில் அதே தரம். உங்கள் கைபேசிப் படத்துக்கு எச்இஐசிதான் நெகட்டிவ். அலுவலகத்துக்குத் தேவையானதை மட்டும் ஜேபெக் நகலாக எடுத்து அனுப்புங்கள். இனி எடுப்பதெல்லாம் ஜேபெக்காகவே வரட்டும் என்றால் அமைப்புகளில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்'. இடம் கூடுதலாகப் பிடிக்கும், தரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன படங்கள் 300க்கு மேல் இருக்கின்றன. கறுப்பு வெள்ளை நிறைய, 70களின் கலர் படங்கள் எல்லாம் சிவந்து கிடக்கின்றன, ஒரு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவும் உண்டு. ஸ்கேன் செய்யும் கடையில் ஜேபெக் என்றால் ஒரு விலை, டிஃப் என்றால் கூடுதல் விலை என்கிறார்கள். கூடுதலாகக் கொடுப்பது தகுமா? எத்தனை டிபிஐ கேட்பது?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: கொடுங்கள். வேறு எங்கேயாவது மிச்சம் பிடித்துக்கொள்ளலாம். இந்த வேலையை ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைதான் செய்வார்.

டிஃப் 1986இல் ஸ்கேனர்களுக்காகவே பிறந்த ஃபார்மட், 1992இல் வந்த ஆறாம் பதிப்பைத்தான் இன்னும் எல்லோரும் படிக்கிறார்கள். என் கடையில் 90களில் சேமித்த டிஃப் கோப்பு இன்றைக்கும் திறக்கிறது. அதே காலத்தில் ஒரு பெரிய நிறுவனம் தனக்கென்று ஒரு ஃபார்மட் வைத்துக் குறுந்தட்டில் படம் ஏற்றித் தந்தது, வாடிக்கையாளர்களுக்கு நானே ஆசைகாட்டி விற்றேன். அவர்களில் இருவர் போன வருடம் அந்தத் தட்டோடு வந்து நின்றார்கள். திறப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

இட அளவைப் பற்றிப் பயப்படாதீர்கள். 4ஆர் படத்தை, அதாவது 4க்கு 6 அங்குலப் படத்தை, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல், சுருக்காத டிஃப் 26 மெகாபைட். 300 படம் 8 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும், சின்னத் தம்டிரைவே போதும். எல்இசட்டபிள்யூ (LZW) சுருக்கம் வேண்டுமா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள், அது எதையும் தொலைக்காத சுருக்கம். உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மட்டும் 1200 கேளுங்கள். அதற்கு மேல் போனால் காகிதத்தின் நார்தான் தெரியும், முகம் கூடுதலாகத் தெரியாது. ஸ்கேனர் பெட்டி மேல் போட்டிருக்கும் மயக்கும் டிபிஐ எண்களை நம்ப வேண்டாம், அதில் பல புள்ளிகள் மென்பொருள் ஊகித்து இடையில் இட்டு நிரப்புவது.

பிஸ்கட் டின்தான் உங்கள் புதையல். படமும் நெகட்டிவும் இரண்டும் இருந்தால் நெகட்டிவையே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர்தான், அதனால் 4000 டிபிஐ வரை போகலாம். ஒரு படம் 64 மெகாபைட் வரும், நிறத்தை இன்னும் நுணுக்கமான படிகளாகப் பதியும் 16 பிட் என்றால் 128. எல்லாவற்றுக்கும் 16 பிட் தேவையில்லை. சிவந்துபோன கலர் படங்களுக்குக் கட்டாயம் தேவை. அந்தக் காலக் கலர் காகிதத்தில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும், அதனால் மிச்சமிருக்கும் சிவப்பு மேலே வரும். அதைச் சரிக்கட்ட மங்கிய நிறத்தை இழுத்துப் பரத்த வேண்டும். 8 பிட்டில் நிறத்துக்கு 256 படிகள்தான், இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து வானம் வரிவரியாகிவிடும். 16 பிட்டில் 65,536 படி இருப்பதால் இழுவை தாங்கும். ஜேபெக் 8 பிட்டோடு நின்றுவிடும், கூடுதல் காசு கொடுக்கச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கடைக்காரரிடம் சொல்ல இன்னும் இரண்டு மூன்று விஷயம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யட்டும், பழுப்பும் கறையும் வேறு நிறமாகப் பதிவானால் பின்னால் நீக்குவது சுலபம். தானாகத் தூசி நீக்கும் வசதியைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குப் போடவே கூடாது. அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைத் தேடுகிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான், அந்த ஒளியை மறைக்கும், இயந்திரம் உங்கள் அப்பாவையே தூசி என்று நினைத்துத் துடைக்கும். அப்புறம், ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். தேதியும் பெயரும் பென்சிலில் எழுதியிருப்பார்கள். பின்பக்கத்துக்கு ஜேபெக் போதும், அதற்கும் டிஃப் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒட்டும் தாள் ஆல்பத்திலிருந்து படம் வரவில்லை என்றால் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். வேலை முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த ஊர் ஈரத்துக்கு டின்னில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கேள்வி: தைப்பூசத்தன்று விடியற்காலையிலிருந்து ஊர்வலத்தைப் படம் எடுப்பது வழக்கம். ரா எடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு நாளில் 1,500 படம் எடுப்பவனுக்கு அது தேவையா?
- கேமரா பிரியர், செங்காங்

பதில்: சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் வாசலில் விடியுமுன் நிற்கிறீர்கள்: ஒரு பக்கம் குழல் விளக்கு, ஒரு பக்கம் மஞ்சள் தெருவிளக்கு, நடுவே பளபளக்கும் பால்குடம், அதற்குக் கீழே இருட்டில் ஒரு முகம். ராவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கேமரா சென்சார் 14 பிட்டில் 16,384 படிகளைப் பிடிக்கிறது, ஜேபெக்காக்கும்போது 256 படிக்குள் நிறத்தையும் வெளிச்சத்தையும் முடிவுகட்டிவிடுகிறது. ராவில் அந்த முடிவை நீங்கள் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு எடுக்கலாம். மஞ்சள் பூத்த விபூதியை வெள்ளையாக்கலாம், இருட்டு முகத்தைக் கொஞ்சம் தூக்கலாம்.

ஊர்வலம் முடியும் டேங்க் ரோடு போய்ச் சேரும்போது நல்ல வெயில் வந்துவிடும். அப்போது ஜேபெக்குக்கு மாறிக்கொள்ளுங்கள், 1,500 ராவையும் உட்கார்ந்து திருத்துகிறேன் என்று சொன்ன யாரும் அடுத்த தைப்பூசத்துக்குள் முடித்ததை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கேமரா நிறுவனத்துக்கும் ரா ஃபார்மட் வேறு வேறு. தேர்ந்தெடுத்த படங்களை 2004இல் அடோபி வெளியிட்ட டிஎன்ஜி ஃபார்மட்டிலும் ஒரு பிரதி வைப்பேன் என்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான், அசல் ராவை அழிக்காதவரை.

கேள்வி: இணையத்தில் சேமித்த படம் வெப்பி என்று வருகிறது, இது என்ன? கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ஏற்ற அதை மாற்றலாமா?
- இல்லத்தரசி, பொங்கோல்

பதில்: வெப்பி 2010இல் கூகல் கொண்டுவந்தது, இணையப் பக்கம் சீக்கிரம் திறப்பதற்கான சிறிய கோப்பு. பார்க்க நல்லது, சேர்த்து வைக்க நான் சொல்ல மாட்டேன். கடவுச்சீட்டுக்கு இணையத்தில் கிடந்த உங்கள் பழைய படத்தைத் தேடுவானேன்? குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் கேட்பது புதிதாக எடுத்த படம், ஜேபெக்கில், 400க்கு 514 பிக்சல். 35க்கு 45 மில்லிமீட்டர் என்ற பழைய அளவின் அதே விகிதம்தான். வெள்ளைச் சுவர் முன் நின்று யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். முழு அளவுக் கோப்பை வைத்துக்கொண்டு நகலை மட்டும் சுருக்குங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவர் மார்ச் மாதம் தவறிவிட்டார். அவர் சிரித்தபடி இருக்கும் ஒரே படம் வாட்ஸ்அப்பில் வந்ததுதான், 1600க்கு 1200 என்று காட்டுகிறது. எந்த ஃபார்மட்டுக்கு மாற்றினால் வரவேற்பறையில் பெரிதாக மாட்டலாம்?
- வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: தங்கச்சி, முதலில் அதை எடுத்தது யார், அனுப்பியது யார் என்று பாருங்கள். அவர்கள் கைபேசியில் அசல் இன்னும் இருக்கலாம். சங்கடப்படாமல் கேளுங்கள், கிடைத்தால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கணவரின் கைபேசியை யாரும் அழித்துச் சுத்தம் செய்துவிட வேண்டாம்.

கிடைக்காவிட்டால் இதுதான் நெகட்டிவ். எந்த ஃபார்மட்டுக்கும் மாற்றாதீர்கள், திருத்தாதீர்கள். கைபேசியில் ஒன்று, தம்டிரைவில் ஒன்று, பிள்ளையிடம் ஒன்று என்று அப்படியே நகலெடுங்கள். செயற்கை நுண்ணறிவில் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். அது கண்ணுக்கும் பல்லுக்கும் புதிதாக வரைந்து சேர்க்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சிரிப்பு மட்டும் வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அப்படிச் செய்த படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார்.

4ஆர் அளவில் பிரிண்ட் போடுங்கள். 1600ஐ 6 அங்குலத்தால் வகுத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 267 பிக்சல், மிக நன்றாக வரும். சட்டம் போடும் கடையில் 12க்கு 16 அங்குலச் சட்டம் வாங்கி, சுற்றிலும் அகலமாக வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து, நடுவில் அந்தச் சின்னப் படத்தைப் பொருத்தச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.